பழைய வால்வு கிட்டார் ஆம்ப்: பழையபடி மீட்பதா, மாற்றி அமைப்பதா? வேலூர்க்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுப் பரணில் பல வருடம் தூங்கிக்கொண்டிருந்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற அமெரிக்க வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஒரு காலத்தில் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்தவர். வீட்டை இடிக்கப் போகிறோம், எடுத்துக்கொண்டு போ என்றார்கள். யாரோ எப்போதோ 120 வோல்ட் செட்டை நேராக 230-இல் சொருகியிருந்ததால் பவர் டிரான்ஸ்பார்மர் கருகிப் போயிருந்தது.

நான் அதை மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றில் இறக்கி வைத்து, "அண்ணே, எல்லாத்தையும் சரி பண்ணிடுங்க" என்றேன். அவரும் சொன்னபடியே செய்தார். கருகிய டிரான்ஸ்பார்மரோடு, பக்கத்தில் நல்லபடியாக இருந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மரையும் (வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருப்பது) பிரித்துப் புதுக் கம்பி சுற்றிவிட்டார். ஐம்பது வருடம் தாங்கிய பொருள் ஒரே மதியத்தில் போய்விட்டது. தப்பு அவர்மேல் இல்லை, "எல்லாத்தையும்" என்று சொன்ன என்மேல்தான். அந்த வார்த்தையை நீங்கள் சொல்லாமல் இருப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

1. முதலில் ஆன் செய்யாதீர்கள்

செட் கிடைத்ததும் சொருகிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். பல வருடம் கரண்ட் பார்க்காத எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் உள்ளே காய்ந்திருக்கும். சாதாரணமாகவே இருபது, முப்பது வருடம்தான் அவற்றின் ஆயுள். பரண்மேல் மே மாத வெயிலில் வெந்தவை என்றால் சொல்லவே வேண்டாம். திடீரென்று முழு வோல்ட்டேஜ் ஏறினால் கண்டன்சர் ஷார்ட் ஆகும், அது ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயர் வால்வையும் பவர் டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி, 100 வாட் குண்டு பல்பு ஒன்றைப் பேஸ் ஒயரில் தொடராக இணைப்பது. முதலில் வால்வுகளை எல்லாம் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு முறை மின்னிவிட்டு மங்கினால் சரி. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட், உடனே நிறுத்துங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் இல்லை. கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் கூட்டுக்குள் சூட்டுக்காக மாட்டுவார்கள், அந்தச் சாமான் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள். எனக்கு அங்கேதான் கிடைத்தது.

இன்னொன்று. இந்த ரக ஆம்பில் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது தங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து வடித்து, மல்டிமீட்டரில் பூஜ்ஜியத்தை ஒட்டி வந்ததைப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இந்தப் பத்தியைப் படிக்கும்போதே பயம் வந்தால் நல்லதுதான், மூடியைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

2. கையில் இருப்பது என்ன என்று எழுதி வையுங்கள்

மீட்பதா மாற்றுவதா என்ற முடிவு இங்கேதான் பாதி தீர்கிறது. டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர், வால்யூம் பாட் (குமிழுக்குப் பின்னால் உள்ள திருகு ரெசிஸ்டர்) எல்லாவற்றிலும் எண் குத்தியிருக்கும். முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி, அடுத்தது வருடம் (ஒரு இலக்கமாகவோ இரண்டாகவோ), கடைசி இரண்டு வாரம். 606 என்றால் ஷூமாக்கர் டிரான்ஸ்பார்மர். ஸ்பீக்கரில் 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்ட். பாட்டில் 137 என்றால் சி.டி.எஸ். என்னுடைய பவர் டிரான்ஸ்பார்மரில் 606225 என்று இருந்தது. இதில் வருடத்துக்கு ஒரே இலக்கம்தான் என்பதால் 1962-ஆ 1972-ஆ என்று குழம்ப வேண்டாம், முன்பலகையைப் பாருங்கள். வெள்ளிநிறப் பலகை 1967-68 வாக்கில்தான் வந்தது. ஆக என்னுடையது 1972-ஆம் ஆண்டின் 25-ஆவது வாரம்.

ஸ்பீக்கர் எண்ணும் டிரான்ஸ்பார்மர் எண்ணும் சில மாத இடைவெளிக்குள் இருந்தால் இரண்டும் பிறவியிலிருந்தே உள்ளவை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் பல வருடம் தள்ளி இருந்தால் நடுவில் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

அப்புறம் சால்டரிங்கைப் பாருங்கள். கம்பெனியில் வைத்த ஈயமும் பின்னால் ஒருவர் வைத்த ஈயமும் பளபளப்பிலேயே வேறு தெரியும். முன்பலகையிலும் சேசிஸிலும் (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) கூடுதல் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், குறைந்தது ஐம்பது. ஒயர் எது எங்கே போகிறது என்று தெரியும்படி கிட்டத்தில் எடுங்கள். இந்தப் போட்டோ இல்லாமல் யாரிடமும் செட்டைக் கொடுக்காதீர்கள்.

3. பாதுகாப்புக்கான வேலையில் வாதம் வேண்டாம்

"ஒரிஜினலாகவே இருக்கட்டும்" என்று சொல்லும் பிடிவாதக்காரர்கள்கூட விட்டுக்கொடுக்க வேண்டிய இடம் இது. பழைய அமெரிக்க ஆம்ப்களில் பலவற்றுக்கு இரண்டு பின் ஒயர்தான், எர்த் கிடையாது. மெயின்ஸிலிருந்து சேசிஸுக்கு ஒரு சிறு கண்டன்சர் போகும், பெரும்பாலும் 0.047 மைக்ரோஃபாரட். அது ஷார்ட் ஆனால் சேசிஸ் முழுக்கக் கரண்ட், கிட்டார் கம்பி வழியாக உங்கள் கைக்கு. மேல்நாட்டு மெக்கானிக்குகள் இதை மரணக் கண்டன்சர் என்றே சொல்கிறார்கள். அதைத் துண்டித்துவிட்டு மூன்று கோர் ஒயர் போட்டு, பச்சை ஒயரைச் சேசிஸில் தனி போல்ட் வைத்து முறுக்க வேண்டும். துண்டித்த கண்டன்சரை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

ஒயர் நிறத்தில் நம் ஊர் எலெக்ட்ரீஷியன்கள் விழும் பள்ளம் ஒன்று இருக்கிறது. அமெரிக்க ஒயரிங்கில் கறுப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். நம் பழைய வழக்கத்தில் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல். உள்ளே கறுப்பைப் பார்த்ததும் நியூட்ரல் என்று நினைத்து இணைத்துவிட்டால் ஃபியூஸும் சுவிட்சும் நியூட்ரலில் போய் உட்காரும். சுவிட்சை ஆஃப் செய்தாலும் உள்ளே பேஸ் இருக்கும். செட் வழக்கம்போல வேலை செய்வதால் கண்டுபிடிக்கவும் முடியாது. பேஸ் முதலில் ஃபியூஸுக்கு, பிறகு சுவிட்சுக்கு. மெக்கானிக்கிடம் கொடுக்கும் சீட்டில் இதையும் எழுதுங்கள்.

மூன்று பின் சாக்கெட் இருப்பதாலேயே வீட்டில் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் பெயருக்குத்தான் எர்த். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஒரு முறை சோதித்துவிடுங்கள்.

பவர் சப்ளை எலெக்ட்ரோலிட்டிக் எல்லாமும், பயாஸ் (பவர் வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் வோல்ட்டேஜ்) கண்டன்சரும் மாற்ற வேண்டியவையே. இவற்றை மாற்றுவதால் செட்டின் மதிப்பு குறைவதில்லை. டயர் தேய்ந்தால் மாற்றுவதுபோலத்தான். "பெரிசா போட்டா ஹம் கம்மியாகும் தம்பி" என்று கண்டன்சர் அளவைக் கூட்டச் சொல்வார்கள். ஜிஇசட்34 என்ற ரெக்டிஃபயர் வால்வு தனக்கு அடுத்து வரும் முதல் கண்டன்சரில் தாங்கும் உச்சம் 60 மைக்ரோஃபாரட். ஆகவே இருந்த அளவையே, அல்லது அதை ஒட்டிய அளவையே போடச் சொல்லுங்கள். 105 டிகிரி முத்திரை உள்ளதாக வாங்குங்கள், நம் ஊர்ச் சூட்டில் 85 டிகிரியைவிட நீடிக்கும்.

4. 230 வோல்ட்டும் 50 சைக்கிளும்

டிரான்ஸ்பார்மர் நல்லபடியாக இருக்கும் 120 வோல்ட் செட் என்றால் வோல்ட்டேஜைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் பெட்டி வேண்டும். 22 வாட் ஆம்புக்கு 500 வி.ஏ. தாராளம். வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். வெளியே போகும் சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா? மலிவான பெட்டிகளில் எர்த் துளை சும்மா இருக்கும். அடுத்து, 110 வோல்ட் வெளியீடாக வாங்குங்கள், 120 வேண்டாம். அமெரிக்காவின் 60 சைக்கிளுக்கு (ஹெர்ட்ஸ்) சுற்றிய டிரான்ஸ்பார்மர் நம் 50 சைக்கிளில் கூடுதலாகச் சூடாகும். 120 கொடுத்தால் அதன் இரும்புக்கு இருபது சதவீதம் அதிகச் சுமை, 110 கொடுத்தால் பத்துதான். நள்ளிரவில் லைன் 245-க்கு ஏறினால் அந்த 110-உம் 117 ஆகிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பல இங்கிலாந்து ஆம்ப்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய வாக்ஸ் ஏசி30-இல் வோல்ட்டேஜ் தேர்வு செய்யும் திருகு உண்டு. எதில் நிற்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. இப்போது முடிவு: ஒரு மாதம் வாசித்த பிறகு

சர்வீஸ் முடிந்த அன்றே "மாஸ்டர் வால்யூம் வைக்கலாமா, கெயின் கூட்டலாமா" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு மாதம் வாசியுங்கள். சத்தம் மந்தமாக இருக்கிறது, இரைகிறது, பலம் இல்லை என்று முதலில் பட்டதெல்லாம் பெரும்பாலும் கோளாறுதான், செட்டின் குணம் இல்லை. தேய்ந்த வால்வு, தவறான பயாஸ், ஏறிப்போன 100 கிலோஓம் பிளேட் ரெசிஸ்டர், டிசி கசியும் கப்ளிங் கண்டன்சர் (ஒரு வால்விலிருந்து அடுத்ததுக்குச் சிக்னலை மட்டும் கடத்துவது) இவைதான் காரணமாக இருக்கும். 6வி6 பவர் வால்வு என்றால் 415 வோல்ட் அளவில் பயாஸ் கரண்டை ஒன்றுக்கு 20-லிருந்து 23 மில்லிஆம்ப் வரை வைத்தால் வால்வும் நீடிக்கும், சத்தமும் உயிரோடு இருக்கும். என்னுடைய செட்டில் ஒரு வால்வு 38-இல் வெந்துகொண்டிருந்தது. அந்தக் கரகரப்பைத்தான் நான் "விண்டேஜ் டோன்" என்று இரண்டு வாரம் நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

கப்ளிங் கண்டன்சரை மொத்தமாக மாற்றாதீர்கள். ஒவ்வொன்றாக ஒரு காலைத் தூக்கி, ஆன் செய்து, தொங்கும் முனைக்கும் சேசிஸுக்கும் டிசி அளக்கச் சொல்லுங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் அப்படியே விடலாம். கசிந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

ஒரு மாதத்துக்குப் பிறகும் குறை இருந்தால், அந்தக் குறை எதனால் என்று கேட்டுப் பாருங்கள். காந்தி நகரில் ஒட்டி ஒட்டி வீடு இருக்கும் தெருவில் 22 வாட் வால்வு ஆம்ப் முழுச் சத்தத்தில் அடித்தால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். அது ஆம்பின் குற்றமா? அதற்கு மாஸ்டர் வால்யூம் என்று முன்பலகையில் ஓட்டை போடுவதைவிட ஒரு ஓவர்டிரைவ் பெடலோ, ஸ்பீக்கருக்கு முன்னால் சத்தத்தைக் குறைக்கும் ஓர் அட்டென்யூவேட்டரோ வாங்குவது மலிவு. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வாசித்தால் சத்தம் வராது என்று மட்டும் முயன்றுவிடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

அடுத்து, செட் எந்த நிலையில் இருக்கிறது? எல்லா எண்ணும் பொருந்தி, ஓட்டை இல்லாமல், பழைய ஈயத்தோடு இருந்தால் மீட்பதோடு நிறுத்துங்கள். 1967-க்கு முந்தைய கறுப்புப் பலகை ஃபெண்டர் என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம். ஏற்கெனவே டிரான்ஸ்பார்மர் மாறி, ரெக்சின் கிழிந்து, பலகையில் இரண்டு ஓட்டை விழுந்த செட் என்றால் கொஞ்சம் தாராளமாக விளையாடலாம். என்னுடையது இரண்டுக்கும் நடுவில். கேபினெட்டும் பலகையும் சுத்தம், டிரான்ஸ்பார்மர் இரண்டும் போயிற்று. நான் மீட்பதையே தேர்ந்தெடுத்தேன், இரண்டு சின்ன மாற்றத்தோடு.

6. மாற்றுவதென்றால், திரும்பக்கூடிய மாற்றம் மட்டும்

நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: சால்டரிங் அயர்னும் அரை மணி நேரமும் இருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியுமா? முடியும் என்றால் செய்யலாம். டிரில் மெஷின் தேவைப்பட்டால் வேண்டாம்.

ஆம்பின் முதல் நிலையில் 12ஏஎக்ஸ்7 வால்வுக்குப் பதில் 12ஏஒய்7 சொருகினால் கெயின் இறங்கும், பெடல் போடுபவர்களுக்கு வசதி. செலவு ஒரு வால்வுதான். பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம். டீலக்ஸ் ரிவெர்பின் வைப்ரேட்டோ சேனலில் வால்யூம் பாட்மேல் 47 பிக்கோஃபாரட் கண்டன்சர் ஒன்று எப்போதும் சேர்ந்தே இருக்கும். குறைந்த வால்யூமில் காதைக் குத்துவது அதனால்தான். ஒரு காலை மட்டும் விடுவித்துப் பாருங்கள். நான் செய்த இரண்டு மாற்றமும் இவைதான். ஸ்பீக்கரையும் மாற்றலாம், பழையதைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு. ஆனால் ஓம் அளவு பொருந்த வேண்டும், டீலக்ஸ் ரிவெர்புக்கு 8 ஓம்.

மாற்றிப் பார்க்கும் ஆசை அடங்கவில்லை என்றால், மைக் செட் கடைகளில் மூலையில் கிடக்கும் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி அதில் எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டி ஒட்டுங்கள். கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

7. எங்கே, யாரிடம்

மோட்டார் காயில் கடையில் பவர் டிரான்ஸ்பார்மர் சுற்றலாம், சரியான அளவை எழுதிக் கொடுத்தால் சிலர் நன்றாகவே செய்வார்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மரை மட்டும் கொடுக்காதீர்கள். அதில் பிரைமரியும் செகண்டரியும் அடுக்கடுக்காக மாறி மாறி வர வேண்டும். ஒன்றை முழுக்கச் சுற்றி மேலே இன்னொன்றைச் சுற்றினால் ஹம் இருக்காது, சத்தமும் வரும், ஆனால் கிட்டாரின் மேல்ஸ்தாயி மினுமினுப்பு காணாமல் போகும். பிறகு என் செட்டைப் பார்த்த பழைய ரேடியோ மெக்கானிக் முதலில் கேட்டதே, "நல்லா இருந்ததை யாருப்பா பிரிச்சது?" என்றுதான்.

அவரைப்போல வால்வு ரேடியோ காலத்து ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். லாங் பஜார் பக்கம் பழைய கடைக்காரர்களிடம் விசாரித்தால் வழி தெரியும். அவர்களிடம் பெங்களூர் பி.இ.எல். (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) வால்வுகள் பெட்டியில் இருக்கவும் வாய்ப்புண்டு, மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

ரெசிஸ்டர், சிறு கண்டன்சர், ஒயர், ஃபியூஸ் எல்லாவற்றுக்கும் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெரு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். இரண்டு பக்கமும் கால் நீண்ட 450 வோல்ட் கண்டன்சர் அங்கே சுலபத்தில் கிடைக்கவில்லை, ஆன்லைனில்தான் வாங்கினேன். கைப்பிடி அறுந்திருந்தால் மட்டும் வெளியூர் போக வேண்டாம். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் இல்லாத தோலா? பழைய பிடியை மாதிரிக்குக் கொடுத்தால் 400 ரூபாயில் அதைவிட நல்லதாகத் தைத்துத் தருகிறார்கள்.

8. செலவும் காலமும்

நான் கொடுத்தது இது. கண்டன்சர்கள் 3,800 ரூபாய். ஒயர், ஃபியூஸ், சில்லறை 600. வெளிநாட்டிலிருந்து 230 வோல்ட் பவர் டிரான்ஸ்பார்மர், அனுப்பும் கூலியும் சுங்கமும் சேர்த்து 19,500. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் 14,000. ஜோடி 6வி6 5,200. ஒரு 12ஏஒய்7 1,900. மெக்கானிக் கூலி 8,000. முன்னால் காயில் கடைக்குக் கொடுத்த 2,500. மொத்தம் 55,500. இதில் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் காயில் கூலியும் சேர்ந்த 16,500 அந்த ஒரு வார்த்தைக்கு நான் கட்டிய அபராதம். டிரான்ஸ்பார்மர்கள் நல்லபடியாக இருந்தால் உங்களுக்கு இருபதாயிரத்தை ஒட்டி முடிந்துவிடும், ஸ்டெப்டவுன் தனி.

வெளிநாட்டுப் பார்சல் வர ஐந்து வாரம், மெக்கானிக் கையில் இரண்டு மாதம். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் சிரசு திருவிழா, பிறகு ஆடியில் தெருவுக்குத் தெரு கூழ் ஊற்றுவார்கள். மைக் செட் வேலையும் பார்க்கும் மெக்கானிக் என்றால் அந்த நாட்களில் உங்கள் செட்டைத் தொட மாட்டார். ஆவணிக்குப் பிறகு கொடுங்கள், கிறிஸ்துமஸுக்கு வாசிக்கலாம்.

9. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

சர்க்யூட் படத்தின் அச்சுப் பிரதி முதலில். டீலக்ஸ் ரிவெர்புக்கு ஏபி763 என்ற படம் அடிப்படை. மெக்கானிக்குக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. பிறகு சேசிஸின் சீரியல் எண், டிரான்ஸ்பார்மர், ஸ்பீக்கர், பாட் எண்கள் எழுதிய தாள். வாங்கிய ஒவ்வொரு பொருளின் பில், பார்சலுக்குக் கட்டிய சுங்க ரசீது. செட்டை வெளிநாட்டிலிருந்து நீங்களே கொண்டுவந்திருந்தால் அந்த ரசீதும். பின்னால் விற்கும்போது வாங்குபவர் கேட்பது இவற்றைத்தான்.

கழற்றிய பழைய பொருள் எல்லாவற்றையும் திரும்பக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கடைகளில் குப்பையில் போட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் கவரில் போட்டு, எந்த இடத்திலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதி, கேபினெட்டின் அடியிலேயே வைத்துவிடுங்கள்.

கடைசியாக, வேலைச் சீட்டு. இரண்டு பத்தி போதும். மேலே "செய்ய வேண்டியது", கீழே "தொடக் கூடாதது". என் இப்போதைய சீட்டில் இரண்டாவது பத்தியின் முதல் வரி: அவுட்புட் டிரான்ஸ்பார்மர். மெக்கானிக் கையெழுத்துப் போட்டால் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் ஏற்றுவதற்கு முன் வால்வுகளைக் கழற்றி, எது எந்தச் சாக்கெட் என்று எண் எழுதி, முட்டை அட்டையில் செருகி மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.